காலையில் மட்டும் அடம்பிடிக்கும் ஜீப்

பனி இறங்க ஆரம்பித்தால் மலைப்பக்கத்துக் கடிதங்களின் பாட்டே மாறிவிடும். மே மாதம் முழுக்க ரேடியேட்டர் கொதிக்கிறது, ஏசி குளிரவில்லை என்று எழுதியவர்கள் இப்போது 'காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை' என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு கடிதத்தை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எழுதியவர் தனக்கே தெரியாமல் விடையையும் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: அண்ணே வணக்கம். என்னுடையது 2014 மாடல், ஏழு பேர் உட்காரும் டீசல் ஃபோர் வீல் டிரைவ், காமன் ரெயில் இன்ஜின், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் மட்டும் தகராறு. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் விட்டு விட்டு நாலைந்து தடவை அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்ததும் ஒரு நிமிடம் குலுங்கும், அப்புறம் சரியாகிவிடும். பகலில் எத்தனை தடவை அணைத்தாலும் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட். காலையில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை எதுவும் வருவதில்லை. குளிர்தான் காரணம் என்று ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினேன், பேட்டரியும் புதிது. ஒரு மாற்றமும் இல்லை. பம்ப்பையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் இறக்க வேண்டும், 70,000 ரூபாய் வரை ஆகும் என்கிறார்கள். போன வாரம் கூடலூரில் மச்சான் வீட்டில் இரண்டு நாள் நின்றது, அங்கே தொந்தரவே இல்லை, குளிர் குறைவு என்பதாலோ என்னவோ. எங்கள் வீட்டு வாசல் ஏற்றம், வண்டியை முன்பக்கம் மேட்டைப் பார்த்துதான் நிறுத்த முடியும், மச்சான் வீட்டில் சமதளம். பம்ப்பை இறக்கச் சொல்லட்டுமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு யாரையும் பம்ப்பில் கை வைக்க விடாதீர்கள். கடைசி இரண்டு வரியை ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். உங்கள் வாசலில் வண்டி நிற்கும்போது இன்ஜின் மேலே, பின்னால் இருக்கும் டேங்க் கீழே. டீசல் வரும் லைனில் எங்கோ ஓர் இடத்தில் மயிரிழை அளவு காற்று உள்ளே போக வழியிருந்தால் போதும், ராத்திரி முழுக்க ஃபில்டரிலும் குழாயிலும் நின்ற டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும், அதன் இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் குடிக்கும் ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் நிற்கிறது, விரலை எடுத்தால் கொட்டிவிடுகிறது அல்லவா, அதே கதை. காலையில் நீங்கள் செல்ஃப் அடிப்பதெல்லாம் அந்தக் காற்றை வெளியேற்றி டீசலை மறுபடி மேலே இழுக்கத்தான். ஒரு தடவை நிரம்பிவிட்டால் பகலில் அரை மணி, ஒரு மணி நின்றாலும் இறங்குவதற்குள் மறுபடி ஓட்டிவிடுகிறீர்கள். மச்சான் வீட்டில் சமதளம் என்பதால் டீசல் இறங்கவில்லை, கூடலூர்க் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சாட்சி புகை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அமுக்குகிற அமுக்கில் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஹீட்டர் பிளக் போயிருந்தால் டீசல் உள்ளே வரும், ஆனால் சூடு போதாமல் எரியாது; எரியாத டீசல் சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாகக் கிளம்பும், கண்ணைக் கரிக்கும், தெரு முழுக்க டீசல் வாடை அடிக்கும். உங்களுக்குப் புகையே வரவில்லை. அதாவது டீசலே உள்ளே போகவில்லை. போகாத டீசலை ஹீட்டர் பிளக் எப்படிப் பற்ற வைக்கும்? மாற்றியது மாற்றியாகிவிட்டது, கோத்தகிரிக் குளிருக்கு அது வீணாகப் போகாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

'கீழே ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லையே, அப்புறம் எப்படி லீக்?' என்று உங்கள் மெக்கானிக் கேட்பார், நியாயமான கேள்விதான். சில வண்டிகளில் டேங்குக்குள்ளேயே கரண்ட் மோட்டார் இருந்து டீசலைத் தள்ளும், அதில் லீக் இருந்தால் வண்டி ஓடும்போது வெளியே ஈரம் கட்டும். பல வண்டிகளில் அப்படி மோட்டார் கிடையாது, இன்ஜின் பக்கம் இருக்கும் பம்ப்தான் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இந்த வியாதி தரையில் சுவடே காட்டாமல் ஆளை அலைக்கழிக்கிறது.

சரி, உறுதி செய்வது எப்படி? செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். ராத்திரி வழக்கம்போல வாசலில் ஏற்றத்தில் நிறுத்துங்கள். காலையில் சாவியைத் தொடாமல் முதலில் பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் மேலேயோ அதன் பக்கத்துக் குழாயிலோ இருக்கும் கை பம்ப்பை அமுக்குங்கள். டீசல் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று அமுக்கிலேயே கல் மாதிரி இறுகிவிடும். பதினைந்து, இருபது தடவை தொளதொள என்று போய் அதற்கப்புறம்தான் இறுகுகிறது, உடனே சாவி போட்டால் முதல் அடியில் ஸ்டார்ட் ஆகிறது என்றால், தீர்ந்தது விஷயம், லைன் காற்று எடுக்கிறது. அடுத்த நாள் ராத்திரி பக்கத்தில் எங்காவது சமதளத்தில் அல்லது முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்திப் பாருங்கள். அங்கே தொட்டதும் ஸ்டார்ட் ஆனால் இன்னொரு முத்திரையும் குத்தியாகிவிட்டது.

எங்கே எடுக்கிறது என்பதுதான் அடுத்த வேலை, இதில்தான் பொறுமை வேண்டும். ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, அதே உள்வட்டம் உள்ள, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூபை ஓர் அடி நீளத்துக்கு மாட்டுங்கள். டீசல் தாங்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் இன்ஜின் சூட்டில் அது நாள்பட நிற்காது. இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மாட்டியதும் சில குமிழிகள் ஓடும், அது நீங்கள் குழாயைக் கழற்றியதால் வந்தது, ஐந்து நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தால் அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால், டேங்கிலிருந்து வரும் பக்கம் மாற்றி மாட்டுங்கள். அங்கேயும் குமிழி வந்தால் ஓட்டை டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். அங்கே சுத்தமாக இருந்து, ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் வந்தால் ஃபில்டர்தான். இரண்டு இடத்திலும் குமிழியே இல்லை, ஆனாலும் காலையில் டீசல் இறங்கிவிடுகிறது என்றால் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைப் பாருங்கள். இன்ஜெக்டர் தலையில் குட்டி குட்டியாக மாட்டியிருக்கும் மெல்லிய டியூபும் அதன் ஓரிங் என்கிற ரப்பர் வளையமும் காய்ந்து போயிருந்தால் அது வழியாகவும் காற்று நுழையும். அங்கே பெரும்பாலும் இன்ஜெக்டரைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும்.

ஃபில்டரை நான் முதலில் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இழுத்துக்கொண்டு வந்த ஒரு வண்டி, மூன்று இடத்தில் பார்த்துவிட்டு என் ஷெட்டுக்கு வந்தது, பம்ப் காலிபிரேஷன்வரை முடிந்திருந்தது. ஃபில்டர் புத்தம் புதிது, பளபளவென்று இருக்கிறது, அதைப் போய் யார் கழற்றுவார்கள்? கழற்றினேன். புது ஃபில்டரின் ஓரிங் ஃபில்டரோடு வந்தது. ஹவுசிங்கின் காடியில் விரலை விட்டுத் தடவினால் இன்னொன்று தட்டுப்படுகிறது, கறுப்பாக, தட்டையாக, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய். பழைய ஓரிங். ஃபில்டர் மாற்றியவர் அதை எடுக்க மறந்து அதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருக்கிறார், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் ஒரு பக்கம் நூலளவு இடைவெளி. குண்டூசியால் நெம்பி எடுத்தேன், அவ்வளவுதான் ரிப்பேர். வண்டிக்காரர் அந்த ஓரிங்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார், யாரிடம் காட்டப்போனார் என்று நான் கேட்கவில்லை.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. தொழில் கற்ற புதிதில் இதே மாதிரி ஒரு வண்டிக்கு நானே பம்ப்பை இறக்கி, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டி, திரும்ப ஏற்றிய பிறகுதான் சேஸிஸ் ஓரமாகப் போகும் குழாயில் கிளிப் அழுத்திய இடத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். குழாயை வளைத்தால்தான் தெரியும், நேராக இருந்தால் தெரியாது. அதிலிருந்து ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் குழாய் முழுவதையும் கையால் வளைத்து வளைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அதனால் உங்கள் மெக்கானிக்கோடு உட்கார்ந்து ஃபில்டர் ஓரிங், ஃபில்டர் அடியில் தண்ணீர் திறந்துவிடும் திருகு, அங்கே இருக்கும் தண்ணீர் சென்சாரின் சீல், குழாய் முனைகளில் கிளிக் என்று மாட்டும் கனெக்டர்கள், துளை போல்ட் இருந்தால் அதன் இரண்டு பக்கச் செம்பு வாஷர் என்று வரிசையாகப் பார்த்துவிடுங்கள். செம்பு வாஷரை ஒரு தடவை கழற்றினால் புதியது போடுவதுதான் முறை, பழையதைத் திருப்பிப் போட்டு இன்னும் பலமாக முறுக்குவது வேலைக்கு ஆகாது. கை பம்ப் பலூன் மாதிரி ரப்பராக இருந்தால் அதுவே வெடித்திருக்கலாம், புதிதாக மாற்றினால் அதன்மேல் இருக்கும் அம்புக்குறி இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும், தலைகீழாக மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். மலையில் எலியையும் மறந்துவிடாதீர்கள், ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு பொழுதுபோகாமல் குழாயைக் கொறிக்கும். அப்புறம் ஒன்று, ஓட்டை கிடைத்துவிட்டது என்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டாதீர்கள். டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பிப் பிசினாகிவிடும், அந்தப் பிசின் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

இது கிடைக்கும்வரை காலையில் கை பம்ப்பை அமுக்கிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். சோம்பேறித்தனப்பட்டுச் செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் செல்ஃப் மோட்டார் வெந்துபோவது ஒரு பக்கம். அந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகு எண்ணெயே டீசல்தான், டீசலில்லாமல் உலர்ந்து சுற்றினால் உள்ளே உராய்ந்து இரும்புப்பொடி கிளம்பும், அது ரெயில் என்கிற, எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான டீசல் குழாய்க்கும் இன்ஜெக்டருக்கும் போகும். இன்று இல்லாத பம்ப் செலவை நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சாக அடிக்க வேண்டாம். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் இன்ஜினில் அதை அடித்தால் பிஸ்டன் உடையும் அளவுக்கு வெடிக்கக்கூடும்.

இவ்வளவும் பார்த்து, காலையில் கை பம்ப் கல்லாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டம். ஸ்கேனர் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்கு வண்டி மாறும், ஏறக்குறைய 200 பார் (அழுத்தத்தின் அளவு) வந்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். அது வரவில்லை என்றால் ரிட்டர்ன் டெஸ்ட்: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் நான்கு டியூப், நான்கு சின்ன பாட்டில், இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் சேர வேண்டும். மூன்றில் விரற்கடை, ஒன்றில் மட்டும் பாதி பாட்டில் என்றால் அந்த ஒரு இன்ஜெக்டர்தான் பிரஷரைத் தின்கிறது, நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த டெஸ்டைச் செய்யாமல் 'செட்டாக மாத்திடலாம்' என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் பெரியவர் பழைய ஜீப்புக்கு ஏர் எடுக்கும்போது இன்ஜெக்டர் நட்டை லூஸ் செய்து செல்ஃப் அடிக்கச் சொல்வார், நுரை போய்ச் சுத்தமாக டீசல் வந்ததும் முறுக்குவார். என்னுடைய புது வண்டிக்கும் அப்படியே செய்யலாமா? (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: கூடவே கூடாது. பெரியவர் செய்வது அந்த வண்டிக்குச் சரியான முறை. ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி நுரை எடுத்து, அப்புறம் பம்ப்பின் திருகு, கடைசியாக நாசில் நட்டு, அதாவது நீங்கள் சொன்ன இன்ஜெக்டர் நட்டு என்று படிப்படியாக வருவார், அதில் ஓர் அழகும் உண்டு. காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டுக்குப் பின்னால் ஓடும்போது 1,600 பார் வரைக்கும் பிரஷர் இருக்கும், காரின் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசித்துவாரம் வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி, முதலில் வலிகூட இருக்காது, சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய நாசிலை வெளியே கழற்றிப் பீய்ச்சிப் பார்க்கும்போதும் கையை எதிரே நீட்டக் கூடாது, அது 200 பார் பக்கத்தில் திறப்பதாக இருந்தாலும் தோலுக்கு அதுவே போதும். புது வண்டிக்குக் கை பம்ப் போதும், இல்லாத வண்டிகளில் சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து டேங்க் மோட்டாரை ஓடவிட்டால் காற்று தானாகப் போய்விடும்.

கேள்வி: வால்பாறை ஏறும்போது பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி தாண்டியதும் திடீரென்று இழுவை போய், கரும்புகை தள்ளி, இன்ஜின் விளக்கு எரிகிறது. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. சமவெளியில் ஒன்றும் இல்லை. டர்போ போய்விட்டதா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிற டர்போ பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஆழியாறு பக்கமிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, முழு பாரத்தோடு இரண்டாவது கியரில் நீங்கள் அமுக்கும்போதுதான் டர்போ முழு அழுத்தம் கொடுக்கிறது, சமவெளியில் அதற்கு வேலையே இல்லை. கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் வரவில்லை என்றதும் இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக அதுவே சக்தியைக் குறைத்துவிடுகிறது. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிக் கையால் பிதுக்கிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் வாய் பிளந்திருக்கும், அழுத்தம் இல்லாதபோது அது மூடிக்கொள்வதால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஏறும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால் டர்போவை இயக்கும் வேக்யூம் குழாய், கடைசியாகக் கரி பிடித்துத் திறந்தே நின்றுவிட்ட ஈஜிஆர் வால்வு, அதாவது புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு. முக்கியமாக, விளக்கு எரிந்த பிறகு ஸ்கேனர் மாட்டுவதற்கு முன்னால் யாரும் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டாம், பதிவான கோட் அழிந்துபோனால் இருட்டில் தேடுகிற கதைதான்.

கேள்வி: டீசலில் தண்ணீர் இருப்பதாக விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, சர்வீஸ் வரை ஓட்டலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: ஓட்டாதீர்கள். ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள், தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் தனித்தனியாக நிற்பது தெரியும். சுத்தமாக டீசல் மட்டும் வரும்வரை விட்டு, திருகை மூடி, கை பம்ப்பை அமுக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி எரிந்தால் தண்ணீர் டேங்கிலேயே இருக்கிறது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் டேங்கைக் காலியாகவே வைத்து 300 ரூபாய், 500 ரூபாய் என்று போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், காலி இடத்தின் ஈரக்காற்று ராத்திரிக் குளிரில் வேர்த்துத் தண்ணீராக இறங்கும்.

கேள்வி: டீசலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் குளிரில் சீக்கிரம் பிடிக்கும் என்கிறார்களே? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: பழைய இன்ஜின்கள் அதையும் குடித்துவிட்டுப் பேசாமல் ஓடின. உங்களுடையது காமன் ரெயில் என்றால், மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு கிடையாது, பம்ப் தேயும். கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன அதே சோதனையை நீங்களும் நாளைக் காலை செய்து பாருங்கள், கை பம்ப் எத்தனை அமுக்கில் இறுகியது, செல்ஃப் அடிக்கும்போது புகை வந்ததா என்று இரண்டையும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பார்க்கலாம்.